மலாக்கா நீரிணையின் தளமொழி: தண்டல் முதல் ஐ.எம்.ஓ. சொற்றொடர் வரை

சிலாங்கூரின் கலும்பாங்கிலிருந்து கடல் தெரியாது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த உட்பகுதி இது. கடலைப் பார்க்க வேண்டுமானால் கோலசிலாங்கூர் வரை போகவேண்டும். ஆனால் கடல் இங்கே வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. தோட்டத்தில் வேலைக்கூட்டத்தை மேற்பார்த்தவருக்குத் 'தண்டல்' என்று பெயர். யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் புரட்டினால் இதே சொல் கப்பலில் கடலோடிகளின் தலைவரான சாரங்குக்கு அடுத்த நிலையில் நின்று கடலோடிகளை ஏவும் சிற்றதிகாரியின் பெயராகவும், கூலிக்கூட்டத்தின் தலைவர் பெயராகவும் பதிவாகியிருக்கிறது. வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பலின் தலைவரே 'தண்டையல்'. கப்பல் தளத்திலும் ரப்பர் நிரையிலும் ஒரே சொல் ஆள்கட்டும் பணியைச் செய்திருக்கிறது.

இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வாதிட விரும்புவது வேறொன்று. கப்பல் தள அதிகாரியாக விரும்பும் நம் பிள்ளைகளிடம் இன்று எதிர்பார்க்கப்படும் கடல்சார் ஆங்கிலத்தைப் பள்ளிக்கூட ஆங்கிலத்தின் மேல்வகுப்பாக எண்ணி அஞ்சுகிறோம். உண்மையில் அது தண்டலும் சாரங்கும் பேசிய பழைய தளமொழிக்கே நெருங்கிய உறவு. ஆகவே அதை இலக்கணப் பாடமாகக் கற்பிப்பதைவிடக் கப்பலோட்டும் தொழிலின் ஒரு கருவியாக, கயிறு முடிச்சுகளோடும் திசைகாட்டியோடும் சேர்த்துக் கற்பிப்பதே பொருந்தும்.

பழைய தளமொழிக்கு லஸ்காரி என்று பெயர். இந்துஸ்தானி, அரபு, பாரசீகம், போர்த்துக்கீசியம், மலாய், ஆங்கிலம் எல்லாம் கலந்த மொழி அது. தாமஸ் ரோபக் 1811இல் கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு கப்பல் அகராதி வெளியிட்டார். ஜார்ஜ் ஸ்மால் அதைத் திருத்தி 1882இல் லண்டனில் லஸ்காரி அகராதியாகக் கொண்டுவந்தார். அந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பது கவனிக்கத் தக்கது. இந்தியக் கடலோடிகளை ஏவ வேண்டிய ஆங்கில அதிகாரிகளுக்காக! மொழி படிக்கும் சுமை அன்று துரைகளின் தலையில் இருந்தது.

தமிழின் கப்பற்சொற்கள் பலவும் இதே கலப்பில் விளைந்தவைதான். சுக்கான் அரபியிலிருந்தும் நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. மாலுமி என்பது அரபியில் கற்பிப்பவரைக் குறிக்கும் 'முஅல்லிம்'. அதே சொல் மலாயில் 'மாலிம்' ஆகிக் கப்பலுக்கு வழிகாட்டுபவரைக் குறித்தது. இந்தோனேசியக் கப்பல்களில் 'முஆலிம்' இன்றும் தள அதிகாரியின் பதவிப் பெயர். (பக்கத்து ஊரான தஞ்சோங் மாலிமின் பெயரிலும் இது இருக்கிறதே என்று கேட்பார்கள். மலாயில் மாலிம் என்றால் சமயம் அறிந்தவர் என்றும் பொருள் உண்டு. ஊர்ப் பெயரை வைத்துக் கடற்கதை கட்டவேண்டாம்.) நம் நாளேடுகளோ கப்பல் தலைவர் முதல் சமையற்காரர் வரை எல்லோரையும் மாலுமி என்றே எழுதுகின்றன. கற்பிப்பவரைக் குறித்த சொல்லுக்கு நேர்ந்த கதி இது.

தளமொழி எவ்வளவு ஆபத்தானதாகவும் இருக்கக்கூடும் என்பதற்குச் சுக்கான் கட்டளைகளின் வரலாறே சான்று. பழைய முறையில் 'ஸ்டார்போர்டு' என்ற கட்டளைக்குச் சுக்கானின் பிடிகோலை வலப்புறம் தள்ளு என்று பொருள். பிடிகோல் வலப்புறம் போனால் கப்பலின் முகம் இடப்புறம் திரும்பும். 1912இல் டைட்டானிக்கில் பனிமலை கண்ணில் பட்டதும் பிறந்த கட்டளை 'ஹார்ட் எ ஸ்டார்போர்டு'. கப்பல் திரும்பியது இடப்பக்கம். பிடிகோல் போய்ச் சக்கரம் வந்த பிறகும் கட்டளை பழைய பொருளிலேயே நின்றது. 1929 லண்டன் மாநாட்டின் முடிவை ஒட்டி, 1933 தொடக்கம் முதல் பிரித்தானியக் கப்பல்களில் சொல்லும் திசையும் ஒன்றாயின. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று நம் முன்னோரை ஏற்றி இறக்கிய ராஜுலா கப்பல் 1926இல் கட்டப்பட்டது. அதன் சக்கரத்தைப் பிடித்த சுக்கானிக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரிந்திருந்தது என்பது முக்கியமில்லை. 1933இல், முந்தைய ஆண்டுவரை இடப்பக்கத்துக்குரியதாக இருந்த சொல்லைக் கேட்டதும் இனிக் கை வலப்பக்கம் போகவேண்டும் என்பதே அவருக்குப் பாடம். அதை எந்த இலக்கண நூலும் கற்பித்திருக்க முடியாது.

இன்றைய விதிகள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அனைத்துலகக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 2001 நவம்பரில் ஏற்றுக்கொண்ட தரப்படுத்திய கடல்சார் தொடர்புச் சொற்றொடர்கள், கடலோடிகளின் பயிற்சித் தரங்களை வகுக்கும் எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கையின்படி, 500 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் காவற்பொறுப்பேற்கும் தள அதிகாரிகள் கையாளத் தெரிந்திருக்க வேண்டியவை. சுக்கான் கட்டளை எதுவானாலும் சுக்கான் பிடிப்பவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அது சரியாகவும் உடனேயும் நிறைவேறுகிறதா என்று அதிகாரி பார்க்கவேண்டும். 150 பாகைத் திசையை 'ஒன் ஃபைவ் ஸீரோ' என்று எண் எண்ணாகப் பிரித்தே சொல்லவேண்டும். ஆனால் சுக்கான் கோணம் 15 என்றால் 'ஃபிஃப்டீன்' என்று சேர்த்துத்தான் சொல்லவேண்டும். கோணமும் திசையும் காதில் குழம்பாமல் இருக்க இது உதவும். செய்திக்கு முன்னால் அது அறிவுறுத்தலா, எச்சரிக்கையா, கேள்வியா, வேண்டுகோளா என்று வகைப்பெயர் சொல்லும் வழக்கமும் உண்டு. அப்படி எட்டு வகை. மே, மைட், ஷுட், குட், கேன் போன்ற சொற்களுக்குக் கடலில் இடமில்லை.

இந்த விலக்கைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்க ஆங்கில இலக்கணம் தேவையே இல்லை. 'வாய்க்காலுக்குள் நுழையலாம்' என்ற தொடரை எழுதிக் காட்டினால் போதும். அது அனுமதியா? நுழைய ஆழம் போதும் என்ற தகவலா? நுழைந்து பார் என்ற யோசனையா? நுழைந்தாலும் நுழைவார் என்ற ஊகமா? நம் 'லாம்' விகுதி இந்த நான்கையும் சுமக்கிறது. வீட்டில் முகம் பார்த்துப் பொருள் பிரித்துக்கொள்கிறோம். இரவில் வி.எச்.எஃப். வானொலியில் முகம் ஏது? அங்கே 'எனக்கு அனுமதி உண்டா' என்றும் 'அனுமதி உண்டு' அல்லது 'இல்லை' என்றும்தான் பேசமுடியும்.

நம் கரையிலேயே இதன் களம் விரிந்து கிடக்கிறது. கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தியில் 1907இல் எழுந்த ஆல்டிங்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு அப்பால், நீரிணையில் மணல்திட்டுகள். அவற்றில் ஒன்றுக்கு மலாயில் பெர்மாத்தாங் செடெப்பா என்று பெயர், ஆங்கிலத்தில் ஒன் ஃபாதம் பேங்க். டெப்பா என்பது இரு கைகளையும் விரித்த அளவு. ஃபாதமும் பழைய ஆங்கிலத்தில் விரித்த கைகளே. தமிழ் மீனவர் கயிறு விட்டு ஆழம் பார்த்துச் சொல்லும் 'பாகம்' அதே அளவு. மூன்று மொழிக்காரரும் ஒரே உடம்பால் கடலை அளந்திருக்கிறார்கள். இந்த நீரிணையைக் கடக்கும் பெரிய கப்பல்களின் அடிப்பகுதிக்கும் கடல்தரைக்கும் இடையே எப்போதும் குறைந்தது 3.5 மீட்டர் நீர் இருக்கவேண்டும் என்பது விதி. இரண்டு பாகம்கூட இல்லை. 1998 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள ஸ்ட்ரெய்ட்ரெப் முறைப்படி, 300 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் ஒன்பது பகுதிகளாகப் பிரிந்த நீரிணையில் தாம் இருக்கும் பகுதிக்குரிய நிலையத்துக்கு வானொலியில் தகவல் சொல்லவேண்டும். நம் கரையோரப் பகுதிக்குக் கிள்ளான் நிலையம் காது கொடுக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: மனப்பாடத் தொடர்களை வைத்துக்கொண்டு நெருக்கடியைச் சமாளிக்க முடியுமா? 2007 நவம்பர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பனிமூட்டத்தில் கிளம்பிய காஸ்கோ பூசான் கப்பலைப் பாருங்கள் என்பார்கள். மின்னணு வரைபடத்தில் தெரிந்த சிவப்பு முக்கோணங்கள் என்ன என்று துறைமுக வழிகாட்டி கேட்டார். வழியில் இருந்த பாலத்தின் நடுப்பகுதி என்று சீனக் கப்பல் தலைவர் காட்டினார். அவை பாலத் தூணருகே மிதந்த மிதவைகளின் குறிகள். கப்பல் தூணில் உரசி 53,000 கேலனுக்கு மேல் எரியெண்ணெய் கொட்டியது. அமெரிக்க விசாரணை, வழிகாட்டி உட்கொண்ட மருந்துகளையும், புறப்படுமுன் இருவரும் முழுமையாகக் கலந்து பேசாததையும் குறை சொன்னது. என் பார்வையில் இந்த நிகழ்வு மறுப்புக்கு உதவவில்லை. அங்கே இருவருக்கும் ஆங்கிலச் சொல் கிடைக்காமல் போகவில்லை. வரைபடக் குறியைத் தானே படித்தறிய வேண்டியவர் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டுக்கொண்டார். இன்னும் நல்ல ஆங்கிலம் பேசியிருந்தால் தவறான விடை நயமாக வந்திருக்கும், அவ்வளவே. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: தீ, மருத்துவ உதவி, பயணிகளை அமைதிப்படுத்தல் என்று வரும்போது தொடர்ப் பட்டியலுக்கு வெளியேயும் பேச வேண்டிவரும். அதற்கு வாசிப்பு வேண்டும்.

கலும்பாங், கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கையேடு எழுதலாம் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. 1882 அகராதியின் திசையைத் திருப்பிப் போட்டது போல, தமிழிலும் மலாயிலும் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போகும் தளமொழிக் கையேடு. முதற்பக்கத்தில் பாகம், டெப்பா, ஃபாதம். ஆழம் பார்க்கும் கயிற்றின் படத்தோடு. இரண்டாம் பக்கத்தில் சுக்கான் கட்டளைகள். ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும்படி இருவர் இருவராக. மூன்றாம் பக்கத்தில் 'லாம்' விகுதி, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டு.