மேகநோய் வைத்தியசாலையும் ஒருதலைச் சட்டமும்

1864ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அந்நாளில் உள்நாட்டுத் துருப்புக்களிடையே நோயுற்ற மூவருள் ஒருவர் மேகநோயாளர். படைத்தளங்களும் துறைமுகங்களுமாகிய சில ஊர்களில், விலைமாதெனப் பொலிஸார் ஐயுற்ற பெண்ணைப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம்; நோய் காணப்படின் மூன்று மாதம்வரை வைத்தியசாலையில் அடைத்து வைக்கலாம். 1866இல் அது ஆறு மாதமாயிற்று; 1869இல் ஒன்பது மாதம். மறுத்தவளுக்குச் சிறை.

இவ்வைத்தியசாலைகளை ‘லொக்’ வைத்தியசாலைகள் என்றனர். பூட்டு என்னும் பொருளில் இட்ட பெயரன்று அது. லண்டனிலிருந்த பழைய தொழுநோயாளர் இல்லமொன்றின் பெயரே. எனினும், பூட்டு என்ற பொருளும் பிழையாகத் தோன்றவில்லை.

நோய் இருவர் கூட்டத்தில் பரவுவது. ஆனால் படுக்கையிலே கிடத்தப்பட்டவள் ஒருத்தி மட்டுமே. படைவீரரைப் பரிசோதிக்கும் வழக்கத்தை, அது அவர்களுடைய மானத்துக்கு இழுக்கு என்று கூறி, இச்சட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன்னரே கைவிட்டிருந்தனர். ஏழைப் பெண்ணின் மானத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. 1871இல் அரச ஆணைக்குழுவொன்று இந்த வேற்றுமைக்கு நியாயமும் கற்பித்தது: அவளுக்கு அது பிழைப்பாம், அவனுக்கோ இயற்கை உந்துதலின் நெறிதவறிய நுகர்ச்சியாம்! அப்படைவீரனும் ஏழை வீட்டுப் பிள்ளையே என்பதை நாம் மறத்தலாகாது. அவன் மணம்புரிய அனுமதி அரிது. குடும்பத்தை மறுத்த அதே அரசுதான் விளைவுக்குப் பெண்ணைத் தண்டித்தது.

வைத்தியமும் அன்று குருட்டு வைத்தியமே. வெட்டை நோயின் கிருமி 1879இலும், கிரந்தியின் கிருமி 1905இலுமே கண்டறியப்பட்டன. வெட்டை நோய் பல பெண்களிடம் வெளிக்குறி காட்டாமலே உறைந்திருக்கும். கண்ணால் மட்டும் பார்த்த வைத்தியர் எதனைத் தீர்மானித்திருக்க முடியும்? பாதரசமே பெருமருந்து. ஆகவே ‘குணமானவள்’ எனப் பத்திரம் பெற்று வெளியேறியவளும் நோயோடு வெளியேறியிருக்கலாம்.

சென்னை மாகாணத்தில் இத்தகைய வைத்தியசாலைகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றியிருந்தன. 1868இல் இந்தியாவுக்கெனத் தனிச்சட்டம் வந்தது. ஏகாதிபத்தியத்தின் உள்ளம் முகமூடியின்றித் தெரிந்தது 1886இலே. படைப்பிரிவுகளின் கடைத்தெருக்களில் போதிய பெண்கள் இருத்தல் வேண்டும், அவர்கள் கவர்ச்சியுடையோராயும் இருத்தல் வேண்டும் என்று இந்தியப் படைத் தலைமையகம் சுற்றறிக்கை விடுத்தது!

இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் அம்மையார் 1869 முதல் எதிர்ப்பைத் திரட்டினார். புளோரன்ஸ் நைற்றிங்கேலும் ஒப்பமிட்டார். உழைக்கும் மக்களின் கூட்டங்களிலும் அக்குரல் ஒலித்தது. பொலிஸ் கண்ணுக்கு இலக்கானவர்கள் அவர்களுடைய பெண்மக்களல்லவா? 1883இல் கட்டாயப் பரிசோதனை நிறுத்தப்பட்டது. 1886இல் சட்டமே நீக்கப்பட்டது. இந்தியச் சட்டம் 1888இல் ஒழிந்தது. அதன்பின் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையில் நோய் ஏறியது உண்மை. அதைக் காட்டிப் பழைய முறையை மீட்க வாதாடியோர் பலர்.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1916இல் பிரித்தானிய அரசு ஆண், பெண் இருபாலாருக்கும் இலவசமான, இரகசியம் காக்கும் சிகிச்சை நிலையங்களை அமைக்க ஏற்பாடு செய்தது. கட்டாயமில்லை, நோயாளர் தாமாகவே வரலாம். ஆயினும் இரண்டே ஆண்டுகளில், 1918 மார்ச்சில், நோயுற்ற பெண் படைவீரனுடன் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் யுத்தகால விதியொன்று பிறந்தது. நோயுற்ற படைவீரன் பெண்ணுடன் உறவு கொள்வதைப்பற்றி அவ்விதியில் ஒரு சொல்லும் இல்லை. யுத்தம் முடிந்த நவம்பரிலே அதனை விலக்கிக்கொண்டார்கள்.