தேநீர் கொடுத்தவர்களின் வழியில்: ‘ஸ்நேகா’ நடந்து வந்த பாதை

சென்னையில் 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியபோது, தற்கொலைக்கு முயல்வது சட்டப்படி குற்றம். பிழைத்து வந்தவர் மீதே வழக்குப் போடலாம். அதற்குப் பயந்தே வீட்டார் நடந்ததை ஆஸ்பத்திரியில் மறைப்பார்கள். அந்தக் காலத்தில், பெயர் சொல்ல வேண்டாம், காசும் வேண்டாம், வந்து பேசுங்கள் என்று கதவைத் திறந்து வைத்தது துணிச்சலான காரியம்தான்.

இந்த ஏற்பாட்டின் வேர் லண்டனில் ஒரு தேவாலயத்தில் இருக்கிறது. சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார், குருப்பணிக்கு வந்த புதிதில், 1935-ல் நடத்திய முதல் அடக்க ஆராதனை 14 வயதுச் சிறுமிக்கு. பூப்பெய்தியதைக் கொடிய நோய் என்று நினைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் உயிரை விட்டவள் அவள். அது அவர் மனதில் தைத்துக்கொண்டே இருந்தது. 1953 நவம்பரில், புனித ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சிலர் தாமாக வந்தார்கள். வந்தவர்களில் பலர் தேநீர் கொடுத்தவரிடமே மனதைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே போய்விடுவதை வாரா கவனித்தார். வேறொருவராக இருந்தால் வருத்தப்பட்டிருப்பார். இவரோ 1954-ல் கேட்கும் வேலையை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். அதுவே ‘சமாரிட்டன்ஸ்’ இயக்கம். ஆலயத்தில் பிறந்தும், வருகிறவர்களிடம் மதம் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டது. அதன் பெரிய பலம் அதுதான் என்பது என் எண்ணம்.

ஸ்நேகாவும் இந்த வழியில் வந்ததே. இதே பணியைச் செய்யும் ‘பிஃப்ரெண்டர்ஸ்’ உலக அமைப்போடு இணைந்தது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் கேட்கிறார்கள். புத்தி சொல்வதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. நம் வீடுகளில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று தெரியும். ஒருவர் வாய் திறந்து பாதி சொல்வதற்குள் நாம் தீர்வோடு குறுக்கே வந்துவிடுகிறோம்.

கேட்பதோடு மட்டும் ஸ்நேகா அமைப்பினர் நின்றுவிடவில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில், பூட்டு போட்ட தனித்தனிப் பெட்டியில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். பேங்க் லாக்கர் போலத்தான். கோபத்திலோ துக்கத்திலோ கை நீளும் தூரத்தில் அது இல்லாமல் இருந்தாலே பல உயிர் தங்கும் என்பது கணக்கு. அமராவதிப் பாசனத்தை நம்பிப் பயிர் செய்யும் நம் ஊர்க்காரர்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டத்தை மாற்றவும் ஸ்நேகா அமைப்பினர் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருத வேண்டும் என்றது.

இந்த இயக்கம் ஆலயத்தில் பிறந்ததுதான். அதற்காக, மன நோய்க்கு வழிபாட்டுத் தலம் மட்டும் போதுமா என்றால், போதாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டு, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டது அதற்குச் சாட்சி. பிறகு அதே ஏர்வாடியில், தர்காவுக்கு வருகிறவர்களுக்கு துஆ என்னும் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. கும்பிட வந்தவரை விரட்டவும் இல்லை, கும்பிட்டால் போதும் என்று விட்டுவிடவும் இல்லை.

அணையும் சைனிக் பள்ளியுமாக அறியப்பட்ட நம் அமராவதி நகருக்கு இந்தக் கதை எதற்கு? சுற்றுவட்டாரத்தில் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டெய்லருக்கும் செக்கிங் பெண்ணுக்கும் இலவச ஆலோசனை என்பது உண்மையில் இலவசமில்லை. பகலில் ஒரு தடவை போய்வர ஒரு நாள் கூலி போகும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அது சனிக்கிழமைச் சம்பளத்தில் அப்படியே தெரியும். அதோடு, ஏன் லீவு என்று சூப்பர்வைசர் கேட்பார். என்ன பதில் சொல்வது?

அதனால் போனில் கேட்கும் வசதி இங்கே பெரிது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளியும் உண்டு என்பதால் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கும் உதவும். மருந்து தேவைப்பட்டால் அரசு ஆஸ்பத்திரியில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. மருத்துவர் இல்லாமல் திரும்பி வந்தால் இன்னொரு நாள் கூலியும் போகும்.

கோயில் மண்டபம், பள்ளிவாசல் முற்றம், சர்ச் ஹால் எல்லாம் ஞாயிறு மாலையில் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கின்றன. ஆலோசகர் ஒருவரை அங்கே அழைத்து உட்கார வைக்க அவற்றின் நிர்வாகத்தினர் நினைத்தால், நேரத்தை ஞாயிறு மாலை 4 மணிக்கு வைக்கட்டும். வார நாள் என்றால் கம்பெனி வேன் ஆட்களை இறக்கிவிட்ட பிறகு.