உப்புக் காற்றில் மறையும் எழுத்துகள்: மோட்டார் சைக்கிளின் பள்ள எழுத்துகளுக்கு வர்ணம் ஊட்டும் முறை

ஒலுவில் துறைமுகத்திலிருந்து அட்டாளைச்சேனைக்கும் நிந்தவூருக்கும் கல்முனைக்கும் மீன் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் உப்போடும் மீன் கழிவோடும் சொட்டுச் சொட்டாகப் பின்சில்லில்தான் விழுகிறது. ட்ரம் பிரேக் உள்ள பல வண்டிகளில் அந்த இடத்தில் ஒரு சிறிய அம்புக்குறியும், அதற்கு எதிரே அலுமினியத் தகட்டில் ஒரு அடையாளமும் இருக்கும். பிரேக்கை முழுமையாக மிதிக்கும்போது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டுவிட்டால், உள்ளே இருக்கும் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அர்த்தம். சில்லைக் கழற்றாமலே பிரேக்கின் நிலையைச் சொல்லும் ஏற்பாடு அது. ஆனால் இந்தக் கரையோரத்தில் ஓடும் பழைய வண்டிகளில் அந்த அம்பை வாசிக்க முடிவதில்லை. வெள்ளைப் பூப்போலப் பொங்கிய அலுமினியக் கறளும் சேறும் அதை நிரப்பியிருக்கும்.

மோட்டார் சைக்கிளில் பள்ளமாக வெட்டப்பட்ட எழுத்துகளுக்கு வர்ணம் ஊட்டுவதைப் பலர் வெறும் அலங்காரமாகத்தான் பார்க்கிறார்கள். என்ஜின் மூடியில் உள்ள ஹொண்டா, யமஹா என்ற பெயரை வெள்ளையாக்கினால் வண்டி புதிதுபோல் தெரியும் என்பது உண்மைதான், அதில் தவறும் இல்லை. ஆனாலும் முதல் சொட்டு வர்ணம் போக வேண்டிய இடம் அதுவல்ல. பிரேக் தேய்மான அம்பு, செயினை இறுக்கும் இடத்தில் இருபக்கமும் வெட்டிய அளவுக் கோடுகள், பிரேக் திரவக் கிண்ணத்தில் ‘லோவர்’ என்று காட்டும் கோடு, அதன் மூடியில் உள்ள எச்சரிக்கை வாசகம் ஆகியவைதான் முதலில் வர வேண்டியவை.

இப்போது இது முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தடை படிப்படியாகத் தளர்ந்து, தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை எகிறியது, இருப்பதைப் பேணி ஓட்டுவதே பலருக்கு ஒரே வழியானது. ஆகவே கடற்கரையில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது கூடியிருக்கிறது, எழுத்துகளும் மங்கியிருக்கின்றன.

பள்ளமா, புடைப்பா?

வேலை தொடங்குமுன் எழுத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். என்ஜின் மூடிகளில் உள்ள பெயர்கள் பல, பார்வைக்குப் பள்ளம்போலத் தெரிந்தாலும் உண்மையில் புடைத்த எழுத்துகள். எழுத்தைச் சுற்றியுள்ள தளம்தான் பள்ளம். அப்படியானால் முறை தலைகீழ்: முழு இடத்துக்கும் வர்ணம் பூசிக் காயவிட்டு, எழுத்தின் மேல்முகத்தை மட்டும் நுண்ணிய சேண்ட் பேப்பரைத் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்த்து உலோகத்தை வெளிக்கொண்டு வர வேண்டும். இந்தக் கட்டுரை எழுத்தே பள்ளமாக இருப்பதைப் பற்றியது.

பள்ள எழுத்தை நிரப்பும் கலை மோட்டார் சைக்கிளைவிட மிகப் பழையது. வைத்தியர் வீட்டு வாசலில் தொங்கும் பித்தளைப் பெயர்ப்பலகை, பள்ளிவாசல் அடிக்கல்லின் சலவைக்கல் எழுத்து, கமரா லென்ஸைச் சுற்றியுள்ள இலக்கங்கள், பட்டறை அளவுகோலின் கோடுகள் எல்லாமே வெட்டி நிரப்பப்பட்டவை. மேற்பரப்பில் எழுதியது கை பட்டுத் தேய்ந்துவிடும். பள்ளத்துக்குள் இருப்பதை விரல் தொடுவதில்லை, அதனால்தான் நிற்கிறது.

உப்பைக் கழுவாமல் தொடாதீர்கள்

மோட்டார் சைக்கிளில் ஊட்டிய வர்ணம் ஆறு மாதத்தில் தகடு தகடாகக் கழன்று விழுந்தால், பொதுவாக வர்ணத்தைத்தான் குறை சொல்கிறோம். கடற்கரையில் பெரும்பாலும் குற்றவாளி அடியில் சிக்கிய உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும் தன்மையுள்ளது. வர்ணப் படலத்தின் கீழே ஒரு துளி உப்பு மிஞ்சினாலும், அது காற்றின் ஈரத்தைப் படலத்தினூடாக உள்ளே இழுத்துக் கொப்புளமாக்கும். அலுமினியமாக இருந்தால் அங்கிருந்தே அரிப்பும் தொடங்கும்.

எனவே முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பானவை. அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே வைத்ததாகும். குழாய் நீரோ மழைநீரோ நல்லது. சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்தூரிகையும் போதும். கம்பித் தூரிகை எழுத்தின் விளிம்பை உருண்டையாக்கிவிடும், பின்னர் துடைக்கும்போது கோடு நேராக வராது. பள்ளத்தின் மூலையில் இறுகிய அழுக்கை மூங்கில் குச்சியைக் கூராக்கிக் கிளறுங்கள்.

காய்ந்த பிறகு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். உலோகத்துக்கு டேர்பன்டைன் போதுமானது, பிளாஸ்டிக்குக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அற்ககோல் பாதுகாப்பானது. பெற்றோலால் துடைக்கும் வழக்கம் கராஜ்களில் இருக்கிறது. தீ அபாயம் ஒருபுறமிருக்க, சூடான என்ஜின் பக்கத்தில் அந்த வேலையே வேண்டாம். பளபளப்புக்காக அடிக்கும் சிலிக்கோன் ஸ்பிரே பட்ட பாகமாக இருந்தால் இரண்டு தடவை துடையுங்கள். சிலிக்கோன் மிஞ்சிய இடத்தில் வர்ணம் மீன்கண்போல வட்டமாக விலகி நிற்கும்.

எந்த வர்ணம்?

இந்த வேலையில் ஒரு விதி மட்டும் மீறக்கூடாதது: நிரப்பும் வர்ணத்தைக் கரைக்கும் திரவம், அடியில் உள்ள பூச்சைக் கரைக்கக் கூடாது. கதவு, ஜன்னலுக்குப் பூசும் சாதாரண எண்ணெய் எனாமல் இதற்கு மிகவும் தோதானது. அது டேர்பன்டைனில் கரையும். தொழிற்சாலையில் சுட்டுப் பூசிய பெயின்டை டேர்பன்டைன் வழக்கமாக ஒன்றும் செய்யாது. மெதுவாகக் காய்வதால், தவறினால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

இதற்கு மாறாக, வாகன பெயின்ட் கடைகளில் விற்கும் என்.சி. தின்னர் கடுமையானது. பக்க மூடிகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கால் ஆனவை. தின்னர் பட்டால் அவை மங்கி, வெடித்து, ஒட்டும் பதத்துக்கு வந்துவிடும். நகப்பூச்சு கொண்டு நிரப்புவோரும் உண்டு. சிறிய எழுத்துக்கு அது நன்றாகவே அமர்கிறது. பிரச்சினை துடைக்கும்போதுதான் வரும்: நகப்பூச்சை அகற்றும் அசெற்றோன் ஏ.பி.எஸ்ஸை உருக்கிவிடும். குரோம் பூசிய உலோகத்தில் நகப்பூச்சு பரவாயில்லை, பிளாஸ்டிக்கில் வேண்டாம். எதுவானாலும், பாகத்தின் பின்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்த பிறகே முன்புறத்துக்கு வாருங்கள்.

வர்ணம் பூசாத கறுப்பு மட்காட் போன்றவை பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன். அதில் எந்தப் பெயின்டும் சரியாக ஒட்டாது. அதற்கான தனிப் பிரைமர் இல்லாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

மெழுகுக் கலர் பென்சிலைத் தேய்த்து நிரப்புவது மலிவான வழி. பெயர்ப்பலகைக்குச் சரி. மெழுகு 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும் என்பதால் என்ஜின் மூடியில் அது ஒரு பயணத்திலேயே வழிந்துவிடும். சைலன்சர் பக்கத்தில் சாதாரண எனாமலும் கருகும்.

நிறத்தில் வெள்ளையே என் தெரிவு. சிவப்பும் மஞ்சளும் முதல் நாள் கண்ணைப் பறிக்கும், ஆனால் எங்கள் வெயிலில் வெள்ளையைவிட விரைவாக வெளுக்கும்.

நிரப்புதலும் துடைத்தலும்

பாகத்தைக் கழற்றிப் படுக்கையாக வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. எனாமலைச் சற்றே இளக்கி, பற்குச்சி நுனியிலோ இன்சுலின் சிரிஞ்சின் ஊசியிலோ எடுத்து எழுத்தின் நடுவில் ஒரு சொட்டு வையுங்கள். தூரிகையால் இழுக்க வேண்டியதில்லை. பள்ளத்தின் வழியே வர்ணம் தானாக ஓடி மூலைகளை அடையும். காயும்போது வர்ணம் சுருங்கும் என்பதால், ஆழமான எழுத்துக்கு ஒரேயடியாக விளிம்பு வரை ஊற்றாமல், ஒரு நாள் இடைவெளியில் இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். தடித்த பூச்சின் மேல்தோல் காய்ந்து உள்ளே பல நாள் பச்சையாகவே இருக்கும்.

வெளியே வழிந்ததைத் துடைப்பதில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். பஞ்சாலோ மடித்த துணியாலோ துடைத்தால், அது பள்ளத்துக்குள் இறங்கி வர்ணத்தையும் எடுத்து வந்துவிடும். பழைய வங்கி அட்டை ஒன்றில் பருத்தித் துணியை ஒரே மடிப்பாக இறுக்கிச் சுற்றுங்கள். பூசிப் பத்து, இருபது நிமிடத்தில் மேலே மெல்லிய தோல் படிந்ததும், துணியை டேர்பன்டைனில் ஈரமாக்கி (சொட்டக் கூடாது) எழுத்துக்குக் குறுக்காகச் சாய்த்து ஒரே திசையில் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதிய இடம். மங்கலான படலம் கொஞ்சம் மிஞ்சும், அதைப் பொருட்படுத்தாமல் மறுநாள் பொலிஷ் போட்டு எடுங்கள். வர்ணத் துணியைக் கசக்கி மூலையில் எறியாமல் விரித்துக் காயவிடுங்கள், எண்ணெய் வர்ணத் துணிக் குவியல் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் இந்த வேலை வேண்டாம், எனாமல் காயாது. கச்சான் காற்று வீசும் மாதங்கள் தோதானவை. அது தரைப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று. தூசியையும் கூடவே கொண்டு வரும் என்பதால், காற்று எழும்புமுன் காலையில் முடித்துவிடுங்கள். பிறகு ஒரு வாரத்துக்கு அந்த இடத்தில் தண்ணீரை அடிக்க வேண்டாம்.

பிரேக் அருகே கவனம்

பின்பிரேக் தகட்டின் அடையாளத்துக்கு வர்ணம் ஊட்டச் சிறந்த நேரம், பிரேக் ஷூ மாற்றுவதற்காகச் சில்லைக் கழற்றும் நாள்தான். ஷூக்களை எடுத்துவிட்ட வெறும் தகட்டில் வேலை செய்யலாம். வண்டியிலேயே வைத்துச் செய்தால் டேர்பன்டைன் பிரேக் அச்சுத் துளை வழியே உள்ளே இறங்கக் கூடும். திரவம் ஊறிய ஷூ பிடிக்காது. அம்பின் நுனிக்கும் எதிரேயுள்ள அடையாளத்துக்கும் ஒரே நிறத்தைக் கொடுங்கள், சுற்றியுள்ள இடத்தைச் சுத்தமாக விடுங்கள்.

டிஸ்க் பிரேக் வண்டிகளில் ஹாண்டிலில் உள்ள கிண்ணத்தின் மூடியில், டொட் 3 அல்லது டொட் 4 திரவத்தை மட்டும், முத்திரை உடைக்காத கலனிலிருந்து ஊற்றவும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வெட்டியிருப்பார்கள். நாம் பிரேக் ஒயில் என்று அழைப்பது எண்ணெயே அல்ல, ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கோல் வகைத் திரவம். டொட் 4இன் தரநிலைப்படி புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 155 பாகைதான். ஈரக்காற்றுள்ள கரையோரத்தில், திறந்து வைத்த பழைய போத்தலிலிருந்து ஊற்றக் கூடாது என்பதன் காரணம் இதுவே. அந்த வாசகத்துக்கு வர்ணம் ஊட்டும்போது மூடியைத் திறக்காதீர்கள். அதே திரவம் எனாமலையும் வண்டியின் பெயின்டையும் கரைத்துவிடும். சிந்தினால் துடைத்து நிறுத்தாமல் உடனே தண்ணீரால் கழுவுங்கள். டிஸ்க்கில் பொறித்த குறைந்தபட்சத் தடிப்பு அளவைத் தொடவே வேண்டாம், அங்கே வர்ணமோ கரைப்பானோ பிரேக் பாட்டுக்குப் போய்விடும்.

சேஸிஸ் இலக்கத்தை விட்டுவிடுங்கள்

வண்டியின் கழுத்தில் வெட்டிய சேஸிஸ் இலக்கமும் என்ஜினில் வெட்டிய இலக்கமும்கூடப் பள்ள எழுத்துகள்தான். 2022இல் எரிபொருள் கியூ.ஆர். அனுமதிக்குப் பதிவு செய்தபோது சேஸிஸ் இலக்கத்தைத் தேடியவர்களுக்கு அது எவ்வளவு சீக்கிரம் கறளில் மறைகிறது என்பது தெரியும். அதையும் வெள்ளையாக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். சேண்ட் பேப்பர் பட்ட தடமோ புதுப் பெயின்டோ அந்த இடத்தில் இருந்தால், உரிமை மாற்றத்தின்போதோ பொலிஸ் சோதனையின்போதோ இலக்கத்தில் கை வைத்த சந்தேகம் எழும். வாசிக்க வேண்டியிருந்தால் துணியால் துடைத்து, வெண்கட்டியைக் குறுக்காகத் தேய்த்தால் போதும், இலக்கம் வெள்ளையாக எழும்பும். வாசித்த பிறகு வெண்கட்டித் தூளைத் துடைத்துவிட்டு, மெல்லிய கிரீஸ் பூசி விடுங்கள்.