துவக்குக்குக் கால் முளைத்த கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம்.

கொஞ்ச நாளாக நம் பக்கத்து இளைஞர்கள் போனில் ஒரு பொருளைக் காட்டி, "இது நல்லதா சேர்?" என்று கேட்கிறார்கள். ரைபிளின் முன்பக்கத்தில் பொருத்தும் மடிப்புக் கால்கள். பைபொட் என்பார்கள். தோட்டத்துக்குள் பன்றி இறங்குவதால் அனுமதிப்பத்திரத் துவக்கு வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு. கடேற் படையில் குறிபார்த்துச் சுடப் பழகும் பிள்ளைகளுக்கும் இதில் ஆசை. வரலாறு படிப்பிக்கும் நமக்கு இதைக் கேட்டதும் ஒரு விசயம் நினைவுக்கு வந்தது. துவக்குக்குக் கால் வைப்பது கண்டிக்குப் புதிது அல்ல. நம் மலைகளில் அது நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது.

நம்மோடு வேலை செய்யும் சிங்கள நண்பர்களில் 'கொடிதுவக்கு' என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது கண்டி இராச்சியத்தின் ஒரு ஆயுதத்தின் பெயர். கைத்துவக்கை விடப் பெரியது, பீரங்கியை விடச் சிறியது. முன்பாகம் மரக்கால்களின் மேல் உயர்ந்து நிற்கும். அது நிற்கும் கோலத்தைப் பார்த்து ஆங்கிலேயர் அதற்கு வெட்டுக்கிளி என்றே பெயர் வைத்தார்கள்.

ஏன் கால் தேவைப்பட்டது? முதலில் கணக்கைப் பார்ப்போம். குழாயின் நீளம் ஒரு மீற்றர் என்று வையுங்கள். பின்பக்கம் அசையாமல் இருக்க, நுனி மட்டும் 1 மில்லிமீற்றர் விலகினால், 100 மீற்றர் தூரத்தில் குண்டு 10 சென்ரிமீற்றர் விலகிப் போகும். மூச்சு விட்டாலே நுனி அவ்வளவு அசையும். இதயம் துடித்தாலும் அசையும். அந்தக் காலத்துத் துவக்கில் இன்னொரு சிக்கல். திரியோ சக்கிமுக்கிக் கல்லோ மருந்தைப் பற்றவைத்து, வெடி கிளம்பும் வரை ஒரு கணம் தாமதம் உண்டு. அந்தக் கணம் முழுவதும் கை அசையக் கூடாது. பாரமும் சேர்ந்தால் யாருடைய கையும் நடுங்கும்.

உலகம் முழுவதும் இதற்கு விடை தேடியது. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டின் பெரிய மஸ்கெற்றுகள் 8, 9 கிலோ வரை இருந்தன. அவற்றைச் சுமந்த படைவீரனின் மற்றக் கையில் கவை போன்ற நுனியுள்ள ஒரு தடி இருக்கும். தடியை நிலத்தில் ஊன்றி, கவையில் துவக்கைச் சாய்த்துச் சுடுவான். 1607இல் ஒல்லாந்தில் அச்சான யாக்கோப் டி கெய்னின் படைப்பயிற்சிப் புத்தகத்தில் அந்தக் கவைத்தடியைப் பிடிக்கும் முறை படம் படமாக உள்ளது. பிறகு துவக்கின் பாரம் குறைந்தது, தடியும் மறைந்தது. திபெத்தின் வேட்டைக்காரர்களோ துவக்கிலேயே இரண்டு மடிப்புக் கொம்புகளைப் பொருத்திக்கொண்டார்கள். மரமே இல்லாத மேட்டுநிலத்தில் சாய்த்து வைக்க வேறு எதுவும் கிடையாது. இன்றைய பைபொட்டுக்கு மிக நெருங்கிய பழைய உறவு அதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். துவக்கு என்ற நம் சொல்லும், துவக்குவ என்ற சிங்களச் சொல்லும், 'துஃபெக்' என்ற துருக்கிச் சொல்லின் வழி வந்தவை. வியாபாரக் கப்பல்களோடு வந்த சொல். 1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள். 1530களில் சீதாவாக்கை மாயாதுன்னைக்கு உதவியாகக் கோழிக்கோட்டுச் சாமூதிரி அனுப்பிய கடற்படையை நடத்தி வந்தவர்கள் மரைக்காயர்கள். ஆக, இந்த நாட்டின் துவக்குச் சரித்திரத்தில் தொடக்கத்திலேயே முஸ்லிம்களின் பெயரும் இருக்கிறது. வந்த ஆயுதத்தை உள்ளூர்க் கொல்லர்கள் விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். இலங்கையில் செய்த துவக்குக் குழாய்களின் தரத்தை அந்த நூற்றாண்டின் ஐரோப்பிய எழுத்தாளர்களே மெச்சி எழுதினார்கள்.

ஆனால் கண்டியின் பலம் குழாயில் மட்டும் இருக்கவில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் புத்தகத்தில் இதைச் சொல்கிறார். கண்டிப் படையினர் ஒடுங்கிய பாதைகளில் மறைந்திருந்து, பாறைகளுக்கும் மரங்களுக்கும் இடையில் துவக்குகளை வைத்து, எதிரி அறியுமுன் பெரும் சேதம் செய்தார்களாம். பாறையே தாங்கி, மரமே கவைத்தடி. பலன கணவாயில் நின்று கீழே பார்த்தால் இது எப்படி வேலை செய்திருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1638 மார்ச்சில் போர்த்துக்கேயப் படை ஒன்று கன்னொறுவையில் அழிந்ததும் இந்த மலைகளுக்கு உள்ளேதான். பேராதனைப் பூங்காவிலிருந்து மகாவலியைக் கடந்தால் அந்த இடம்.

கொடிதுவக்கின் தேவையும் இந்த நிலத்திலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயர் 1820களில் கடுகண்ணாவை வழியாகப் பாதை வெட்டும் வரை, சக்கரம் வைத்த பீரங்கியை மலைக்கு ஏற்றுவது பெரும்பாடு. சக்கரத்துக்குப் பதிலாகக் கால் வைத்தால் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறலாம். பாறை மேல் வைக்கலாம், சுட்டுவிட்டு இடம் மாறலாம். நிலத்தைப் பார்த்து ஆயுதத்துக்குக் கால் கொடுத்த அறிவு அது.

1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்து மாளிகையைக் கொள்ளையிட்டார்கள். அப்போது போனவற்றில் ஆறு பொருட்கள் ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையிலிருந்து 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்தன. லெவ்கே திசாவையின் அலங்காரப் பீரங்கியின் படத்தைச் செய்திகளில் எல்லோரும் பார்த்தோம். அதோடு இரண்டு பெரிய துவக்குகளும் வந்தன. அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. கையில் ஏந்திச் சுட முடியாத அளவு பெரியவை, சுவரிலோ தாங்கியிலோ சாய்த்துச் சுடுபவை. கொழும்புக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும்போது அவற்றின் முன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

1815இல் இராச்சியம் போனது. 1818 கிளர்ச்சிக்குப் பின் மக்களிடமிருந்து துவக்குகள் பறிக்கப்பட்டன. அதன் பிறகு மலைநாட்டில் வேட்டை என்பது வெள்ளைக்கார அதிகாரிகளின் விளையாட்டானது. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் றொஜர்ஸ் கொன்ற யானைகள் 1,400க்குக் குறையாது என்று அக்காலத்தில் எழுதினார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தன் வேட்டையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அந்த வேட்டையும் கோப்பித் தோட்டங்களும் சேர்ந்து, மத்திய மலைகளில் யானைக்கூட்டங்கள் இல்லாமல் போயின. 1916இல் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் வந்தன. இன்று அனுமதிப்பத்திரம் கேட்கும் நம் விவசாயி நிற்பது இந்தச் சட்டங்களுக்குக் கீழேதான்.

இனி இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். எதை வாங்குவது?

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது என்ன என்று பாருங்கள். பயிர்க்காவலுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சொட்கண். அது 30, 40 மீற்றருக்குள், ஓடும் விலங்கின் பின்னால் குழாயைத் திருப்பிச் சுடுவது. அதற்குக் கால் பொருத்தினால் உதவி அல்ல, தடங்கல். பைபொட் ரைபிளுக்கு உரியது. காசை மிச்சம் பிடியுங்கள்.

ரைபிளுக்கு என்றால் நிலத்தைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். படுத்துக்கொண்டு சமதரையில் குறிப்பலகைக்குச் சுட 6 முதல் 9 அங்குலக் கால் போதும். புல்லும் சரிவும் உள்ள இடத்தில் அது புல்லுக்குள் மறைந்துவிடும், அங்கே நீளக் கால் வேண்டும். நம் மலைச்சரிவில் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்காது. ஆகவே ஒவ்வொரு காலையும் தனித்தனியே நீட்டக்கூடியதும், மேற்பாகம் பக்கவாட்டில் சாயக்கூடியதும் நல்லது. கல் மேல் குழாயை நேரடியாக வைக்காதீர்கள், வெடி கிளம்பும்போது அது துள்ளும். மரப்பகுதியைத்தான் சாய்க்க வேண்டும், கீழே ஒரு துணியாவது இருக்கட்டும். இரண்டு மூங்கில் தடிகளைக் குறுக்காகக் கட்டினாலும் நல்ல தாங்கிதான்.

கடேற் பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் பைபொட்டுக்கு அனுமதி இல்லை. சொந்த எலும்பையும் மூச்சையும் தாங்கியாக்கப் பழகுவதே அந்த விளையாட்டு. கால் வைத்துச் சுடும் தூரக் குறிப் போட்டிகள் வேறாக உள்ளன. முதலில் மூச்சைப் பழகுங்கள்.

இவ்வளவும் எழுதியது ஒரு விசயத்தைச் சொல்லத்தான் உறவுகளே. நம் ஊர்களில் இன்னொரு விதமான 'கால் வைத்த துவக்கு' இருக்கிறது. கட்டுத்துவக்கு. தடியில் கட்டி, பன்றியின் உயரத்துக்கு வைத்து, ஆள் வீட்டுக்குப் போய்விடுவது. பார்ப்பதற்கு அதுவும் தாங்கியில் நிற்கும் துவக்குதான். ஆனால் பின்னால் மனிதன் இல்லை. பன்றியின் உயரம் மனிதனின் முழங்கால் உயரம். விறகுக்குப் போன உம்மா, வழி தவறிய பிள்ளை, இரவில் தண்ணீர் திருப்பப் போன பக்கத்து வீட்டு ஐயா என்று காலை இழந்தவர்களும் உயிரை இழந்தவர்களும் இந்த நாட்டில் பலர். சிறுத்தைகளும் மாட்டியிருக்கின்றன. அது சட்டப்படி குற்றம். அதைவிட, அது அமானிதத்தை மீறுவது. அனுமதிப்பத்திரம் கொடுக்கப்படுவது ஒரு மனிதனின் பெயருக்கு. அவனுடைய கண்ணுக்கும் புத்திக்கும்தான் அந்த நம்பிக்கை.

கொடிதுவக்குக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆள் இருந்தான். எதிரில் வருவது யார் என்று பார்த்தான், சுடுவதா விடுவதா என்று தீர்மானித்தான். தாங்கி கையின் நடுக்கத்தை எடுக்கும். தீர்மானத்தை எடுக்காது. எந்தத் தாங்கியை வாங்கினாலும் இதை மறக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் கட்டுத்துவக்கு வைத்திருப்பதாகத் தெரிந்தால், முதலில் வைத்தவரோடு பேசுங்கள், பள்ளியிலோ பன்சலையிலோ கோயிலிலோ பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதற்கும் எடுக்காவிட்டால் பொலிஸுக்குச் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது அல்ல. நாளை அந்தப் பாதையில் நடக்கப்போவது நம்மில் யாரோ ஒருவருடைய பிள்ளை.

வாசித்தவர்கள் உங்கள் ஊர்க் குழுக்களில் பகிருங்கள். கொடிதுவக்கு பற்றி உங்கள் வாப்பாமார், அப்பாமார் சொன்ன கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.