டிராக்டர் ஹெட்லைட் எரியவில்லையா? பல்பு வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்!

கரும்பு லோடு ஏற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆலைக்குக் கிளம்பலாம் என்று சுவிட்சைப் போட்டால் ஹெட்லைட் எரியவில்லை. உடனே கடைக்கு ஆள் அனுப்பிப் புது பல்பு வாங்கி மாட்டுவோம். அதுவும் எரியாது. பழுது பல்பில் இல்லாமல் பியூஸிலோ, எர்த்திலோ, சுவிட்சிலோ இருந்தால் எத்தனை பல்பு மாற்றினாலும் பலன் இல்லை. வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலான பழுதுகளை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

அறிகுறியே பாதி விடை சொல்லும்

• இரண்டு விளக்கும் எரியவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை என்றால் பேட்டரி முனைகளையும் மெயின் பியூஸையும் பாருங்கள்.

• ஹாரன், இண்டிகேட்டர் வேலை செய்கின்றன, ஹெட்லைட் மட்டும் இல்லை என்றால் ஹெட்லைட் பியூஸ், சுவிட்ச், ரிலே ஆகியவற்றைப் பாருங்கள்.

• ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், எர்த் ஒயரைப் பாருங்கள். சில வண்டிகளில் பக்கத்துக்கு ஒரு பியூஸ் இருக்கும்.

• இரண்டு பக்கமும் டிம் மட்டும் அல்லது பிரைட் மட்டும் எரிந்தால் டிம்-பிரைட் சுவிட்சில் பழுது இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அப்படி என்றால் பல்பின் ஓர் இழை அறுந்திருக்கும்.

• எரிகிறது, ஆனால் மங்கல் என்றால் பேட்டரி சார்ஜ் குறைவு அல்லது எர்த் சரியில்லை.

சோதனை விளக்கு செய்துகொள்ளுங்கள்

பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களை இணைத்தால் போதும். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையைப் பாசிட்டிவில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் சோதனை விளக்கு தயார். இனி எந்த இடம் வரை கரண்ட் வருகிறது என்பதை இதை வைத்தே அறியலாம்.

1. பேட்டரி முனைகள்

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி, இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவு காட்டும்.

2. பியூஸ்

பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் அளவில் புதியது போடுங்கள். தட்டை வகை பியூஸில் நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். 60 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பல்புக்கு 10 ஆம்பியர்.

புது பியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. எலி கடித்த ஒயர், பானெட் ஓரத்தில் உரசித் தோல் உரிந்த ஒயர் ஆகியவற்றைத் தேடுங்கள். அதற்குப் பதிலாக, பியூஸ் இருந்த இடத்தில் கம்பி சுற்றிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். எரிய வேண்டிய பியூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும். பக்கத்திலேயே டீசல் குழாய் போகிறது. பின்னால் டிரெய்லரில் வைக்கோல் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

3. பல்பு

பல்பைக் கழற்றி, சுவிட்சைப் போட்டு, ஹோல்டரின் ஒவ்வொரு முனையையும் சோதனை விளக்கால் தொடுங்கள். டிம்மில் ஒரு முனையிலும் பிரைட்டில் இன்னொரு முனையிலும் கரண்ட் வந்தால் ஒயரிங் சரி. பல்பையும் எர்த்தையும் பாருங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். சுத்தமான துணியால் பிடித்து மாட்டுங்கள். ஹோல்டர் கருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

4. எர்த்

சேற்றுழவு ஓட்டிய வண்டிகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். சேறும் தண்ணீரும் புகுந்து எர்த் போல்ட்டில் துரு ஏறிவிடும். ஒரு தனி ஒயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை எரியாத விளக்கின் எர்த் முனையிலும் தொடுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் பழுது எர்த்தில்தான். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, மீண்டும் இறுக்குங்கள்.

5. சுவிட்ச்

சுவிட்சுக்குள் கரண்ட் நுழைகிறது, வெளியே வரவில்லை என்றால் சுவிட்சை மாற்ற வேண்டும். தொட்டால் சுடுகிறது என்றாலும் மாற்றிவிடுங்கள். கூடுதல் போகஸ் லைட்டுகளை ஹெட்லைட் ஒயரிலேயே இணைத்தால் சுவிட்ச் கருகும். அவற்றுக்குத் தனி பியூஸும் ரிலேயும் வையுங்கள்.

எப்போது எலக்ட்ரீஷியனை அழைப்பது?

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது, ஒயர் கருகிய வாடை வருகிறது, பல்பு அடிக்கடி போகிறது என்றால் நீங்களே முயல வேண்டாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரெகுலேட்டரில் கோளாறு. அது பல்போடு பேட்டரியையும் கெடுத்துவிடும்.

வழியில் விளக்கு நின்றுவிட்டால்…

செல்போன் டார்ச்சை நம்பி ஓட்டாதீர்கள். ஒற்றை விளக்கோடு வரும் டிராக்டரை எதிரில் வருபவர் பைக் என்று நினைத்து ஒதுங்காமல் வருவார். வண்டியைச் சாலையை விட்டு முழுமையாக இறக்கி நிறுத்தி, ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். டிரெய்லரின் பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் எப்போதும் சேறு படியாமல் தெரிய வேண்டும்.

அறுவடையும் கரும்பு வெட்டும் தொடங்கும் முன், ஒரு நாள் மாலை வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி டிம், பிரைட் இரண்டையும் போட்டுப் பாருங்கள். டூல்ஸ் பெட்டியில் இரண்டு பியூஸ், ஒரு பல்பு, சோதனை விளக்கு ஆகியவை இருக்கட்டும். வண்டி கழுவும்போது விளக்கின் பின்புறம் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். பழுதைப் பகலில் கண்டுபிடித்துவிட்டால் ராத்திரி நடுரோட்டில் நிற்க வேண்டியதில்லை.