ஒப்புதலின் மொழியும் முடிவின் மொழியும்

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வை நடத்தியது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மற்றோர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே தங்கினர். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றுமா என்பதும் ஆராயப்பட்ட வினாக்களுள் ஒன்று.

வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. உடனுறைவோருக்குத் தொற்று அபாயமும் கூடவில்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான முதன்மை அறிக்கை, காசநோய்ச் சிகிச்சையை உலகெங்கும் மாற்றியது. ஆனால் அது ஆங்கில அறிக்கை. மருத்துவரோ செவிலியரோ வாய்மொழியாகச் சொன்னாலன்றி, அதற்குத் தம் உடலைத் தந்த ஏழை நோயாளிகள் அதனை அறிய வழியில்லை.

அவ்வாறு சொல்லும் கடமையை அக்கால நெறிமுறைகள் விதிக்கவில்லை. 1947ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறிமுறை ஒப்புதலை முதல் விதியாக வைத்தது. முடிவைத் தெரிவிப்பது பற்றி ஒன்றும் கூறவில்லை. 1964இல் உருவான ஹெல்சின்கி பிரகடனமும் தொடக்கத்தில் அவ்வாறே இருந்தது. 2008ஆம் ஆண்டுத் திருத்தமே முடிவை அறிவதைப் பங்கேற்பாளரின் உரிமை என்றது. 2013இல் அச்சொல் மாறி, அறிந்துகொள்ளும் 'வாய்ப்பு' தரப்பட வேண்டும் என்றாயிற்று. உரிமை கேட்காமலே உரியது. வாய்ப்போ ஒருவர் வழங்க, மற்றவர் ஏற்பது.

இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடு 2007இல் தொடங்கி, 2009இல் கட்டாயமாயிற்று. அதில் பொதுமக்களுக்கான தலைப்பு என்றொரு தனிப்பகுதி உண்டு. அதுவும் ஆங்கிலத்திலேயே உள்ளது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், ஒப்புதல் பெறுகையில் பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் பேசுமாறு பணிக்கின்றன. ஆய்வின் இடையே தோன்றும் முக்கியமான புதுத் தகவலையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தொடர்வதா விலகுவதா என்பதை அது பாதிக்கக்கூடும் என்பதே காரணம். ஆய்வு முடிந்தபின் அவர் முடிவெடுக்க ஒன்றுமில்லை. அவரிடம் பேசுவதற்கான காரணமும் அத்துடன் தீர்ந்துவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வேறு வழி காட்டியது. ஆய்வு முடிந்து பொதுவாக ஓராண்டுக்குள், எளியோருக்குப் புரியும் முடிவுச் சுருக்கத்தை அளிக்க வேண்டும் என்கிறது அது.

பங்கேற்பாளர் முகவரி மாறியிருக்கலாம். முடிவு வருத்தம் தருவதாகவும் இருக்கலாம். இத்தயக்கங்கள் பொய்யல்ல. ஆயினும் ஒப்புதல் படிவத்தைத் தமிழிலோ தெலுங்கிலோ மொழிபெயர்க்க முடிந்த ஆய்வுக்கு, முடிவை ஒரு பக்கத்தில் அதே மொழியில் எழுதுவது இயலாததன்று. ஒப்புதலின்போது மட்டும் ஒருவர் மொழியைப் பேசுவது அவரை மதிப்பதாகாது. அவரிடமிருந்து கையொப்பம் பெறுவதே ஆகும்.