ஊர் கூடிப் பார்த்த படம்

குறும் ஆவணப் படத்துக்கென்று ஆஸ்கார் பரிசு முதன்முதலாக அளிக்கப்பட்டது 1942-இல். பெற்றது ஹாலிவுட் அல்ல. கனடா தேசியத் திரைப்பட வாரியம் எடுத்த ‘சர்ச்சிலின் தீவு’. ஜெர்மானியக் குண்டுகளுக்குப் பிரிட்டன் ஈடுகொடுத்த கதை.

அதே ஆண்டில் வாரியம் இன்னொரு காரியமும் செய்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. இம்மாதிரிப் படச்சுருள்களையும் 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரையும் கொடுத்து, ஆட்களை மாதந்தோறும் கிராமங்களுக்கு அனுப்பியது. மின்சாரம் இல்லாத ஊரா? ஜெனரேட்டரும் கூடவே போகும். பள்ளிக்கூடமே கொட்டகை. டிக்கெட் கிடையாது.

யுத்தப் பிரசாரந்தான், சந்தேகமில்லை. ஆனால் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, பார்த்ததைப் பற்றி ஜனங்களைப் பேசச் சொன்னார்கள். குடியானவன் வாயைத் திறந்துவிட்டால் பிரசாரம் பிரசாரமாகவா இருக்கும்? யுத்தம் ஓய்ந்து சர்க்கார் பணத்தைக் குறைத்தபோது, பல ஊர்களில் ஜனங்களே குழு அமைத்துப் படங்களைத் தருவித்துக்கொண்டார்கள்.